சாவி கொடுக்கும் குரோனோகிராஃப்: பழைய வால்ஜூவா, ஸ்பீட்மாஸ்டரா, சீகல்லா?

தினமும் சாவி கொடுத்து ஓட்டும் மெக்கானிக்கல் குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்த வாட்ச்) வாங்க நினைப்பவர் பெரும்பாலும் டயலைப் பார்த்துத்தான் மயங்குகிறார். வாங்கிய பிறகு கையைக் கடிப்பது டயலுக்குப் பின்னால் இருக்கும் இயந்திரம். சாதாரண சாவி வாட்ச்சைப் பிரித்து மாட்டுகிறவர் எந்த ஊரிலும் ஒருவராவது இருப்பார். குரோனோகிராஃபைப் பிரித்து, கழுவி, எல்லா முட்களும் சரியாகப் பூஜ்யத்தில் வந்து நிற்கும்படி கோத்துத் தருகிறவர்கள் பெரிய நகரத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். ஆகவே எது அழகு என்பது இங்கே இரண்டாவது கேள்வி. ஐந்தாறு வருஷம் கழித்து இதை யார் திறப்பார், தேய்ந்த பாகம் எங்கே கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

களத்தில் இருப்பவை இவை: 1940 முதல் 1970 வரையிலான பழைய ஸ்விஸ் வாட்ச்கள், ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபெஷனல், சீனாவின் சீகல் 1963, சோவியத் போல்யோட் 3133, பிறகு இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கும் ஹாமில்டன், ஹான்ஹார்ட் போன்றவை.

எதை வாங்கினாலும் உள்ளே நடப்பதில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, புஷரை (உடலின் பக்கத்தில் இருக்கும் பொத்தானை) அழுத்தும்போது ஓடு, நில் என்ற கட்டளையை எது கடத்துகிறது என்பது. சிலவற்றில் ‘காலம் வீல்’ எனப்படும் தூண் சக்கரம்: கோட்டைக் கொத்தளம்போல நிமிர்ந்த தூண்களோடு சுழலும் சின்னச் சக்கரம். மற்றவற்றில் அச்சில் வெட்டியெடுத்த கேம் தகடு. தூண் சக்கரம் என்றால் புஷர் மெத்தென்று இறங்கும். கேம் என்றால் ஸ்டார்ட் கொடுக்கும்போது கொஞ்சம் முரட்டுத்தனமாக ‘டக்’ என்று விழும். விலை ஏற்றிச் சொல்ல விற்பவர்கள் தூண் சக்கரத்தைப் புகழ்வார்கள். நேரத் துல்லியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நன்றாகச் சரிசெய்த கேம் இயந்திரம், சரியில்லாத தூண் சக்கரத்தைவிட எத்தனையோ மேல்.

இன்னொன்று கிளட்ச். பழைய முறை இயந்திரங்களில் ஆடி ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் பாலத்துக்குப் பக்கத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் இது அப்படியே தெரியும். புஷரை அழுத்தியதும் ஒரு சின்னச் சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து, நடுவில் இருக்கும் குரோனோ சக்கரத்தின் மயிரிழைப் பற்களுக்குள் போய் உட்காரும். பல் பள்ளத்தில் விழாமல் பல்லின் மேலேயே முட்டினால் வினாடி முள் ஒரு துளி முன்னுக்கோ பின்னுக்கோ துள்ளும். லேசான துள்ளல் இந்த அமைப்பின் இயல்பு, கோளாறு அல்ல. ஒரு முழு வினாடிக் கோட்டைத் தாண்டிக் குதித்தாலோ, ஓடும்போது முள் நடுங்கினாலோதான் கிளட்ச் எவ்வளவு ஆழத்தில் சேர்கிறது என்பது கெட்டிருக்கிறது. அந்த ஆழத்தை வைப்பது மையம் விலகிய தலையுள்ள ஒரு திருகு. பார்வைக்குச் சாதாரணத் திருகு மாதிரியே இருப்பதால், விவரம் தெரியாதவர்கள் இறுக்குவதாக நினைத்து இதைத் திருப்பிவிடுவார்கள். அதோடு வாட்ச்சின் கதை முடியும். பின்மூடி திறந்ததும் இந்தத் திருகுகளின் தலையில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். டயலைவிட அதிகமாக உண்மை பேசுவது அந்தக் கீறல்தான்.

பழைய ஸ்விஸ்

இந்த வகையில் அதிகம் கண்ணில் படுவது லாண்டெரான் 48 குடும்பம் (லாண்டெரான், வால்ஜூ, வீனஸ், லெமானியா எல்லாம் பிராண்டுகளுக்கு இயந்திரம் செய்து கொடுத்த ஸ்விஸ் கம்பெனிகள்). 1930-களின் பிற்பகுதியில் வந்து சுமார் 1970 வரை லட்சக்கணக்கில் தயாரான கேம் இயந்திரம். பெயர் தெரியாத எத்தனையோ பிராண்டுகளின் டயலுக்குப் பின்னால் இதுதான் ஓடுகிறது. இதில் ஒரு விசித்திரம்: மேல் புஷர் ஓட்டுவதற்கு மட்டும், நிறுத்துவதும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதும் கீழ் புஷர். மேல் புஷரை இரண்டாம் முறை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இது தெரியாமல் ‘ஸ்டாப் வேலை செய்யவில்லை’ என்று விலையைக் குறைத்து விற்பவரும் உண்டு. அதே காரணத்தால் பலங்கொண்டு அழுத்தி உடைத்தவரும் உண்டு.

லாண்டெரான் அடிக்கடி வருவது ‘குரோனோகிராஃப் ஸ்விஸ்’ என்று மட்டும் டயலில் எழுதிய 18 காரட் தங்க உடலோடு. தங்கம் என்றதும் எடை போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டாம். பெரும்பாலும் மெல்லிய தகட்டை வளைத்துச் செய்த உள்ளீடற்ற உடல்; பட்டை மாட்டும் காதுப் பகுதியில் விரலால் அழுத்தினாலே நெளியும். நெளிந்ததை நிமிர்த்துவது தங்க வேலை, வாட்ச் வேலை அல்ல.

அதற்கு மேல் படியில் வால்ஜூ. வால்ஜூ 23 இரண்டு சின்ன டயலோடு வரும். வால்ஜூ 72 மூன்றாவதாக 12 மணி நேரக் கணக்கையும் சேர்த்தது. இரண்டும் தூண் சக்கரம், மணிக்கு 18,000 அதிர்வு, ஆகவே வினாடியில் ஐந்தில் ஒரு பங்குவரை அளக்கும். ஹாயர் கர்ரேரா 2447, ரோலெக்ஸ் டேடோனா 6239 எல்லாம் 72-ஐயோ அதைத் தழுவியதையோ அடிப்படையாகக் கொண்டவை. சிக்கலே அங்குதான். பெரிய பெயர்களைப் பழுதுபார்க்க ஆள்கள் சின்னப் பெயர்களை வாங்கிப் பிரிக்கிறார்கள். 72-இன் ஒரு சின்ன ஸ்பிரிங்குக்குக்கூட இப்போது போட்டி. வால்ஜூ 7733, 7734 ஆகியவை கேம் இயந்திரங்கள். வீனஸ் 188-ஐ வால்ஜூ எடுத்துக்கொண்டு வளர்த்தவை. பழசுதான் வேண்டும், ஆனால் தினசரி கட்ட வேண்டும் என்றால் 72-ஐவிட 7733 புத்திசாலித்தனமான தேர்வு. விலையும் குறைவு, உதிரிபாகம் தானம் கொடுக்கும் பழைய இயந்திரங்களும் நிறைய.

நம் ஊர்த் தட்பவெப்பத்தில் பழசுக்கு இரண்டு எதிரிகள். முதலாவது வியர்வை. குரோம் பூசிய பித்தளை உடலில் பூச்சு போனதும் காதின் உட்புறம் அரித்துக் குழியாகும். இரண்டாவது ஈரம். அக்காலத்துச் சாதாரணப் புஷர்களில் ரப்பர் வளையமே கிடையாது. மழையில் ஒரு முறை நனைந்தால் தண்ணீர் நேராகக் குரோனோ நெம்புகோல்கள்மேல்தான் இறங்கும். அங்கே துரு பிடித்தால் முதலில் போவது மெல்லிய கம்பி ஸ்பிரிங்குகள். சென்னையில், தூத்துக்குடியில், யாழ்ப்பாணத்தில் இருப்பவர் இதைத் தினம் கட்டும் வாட்ச்சாக நினைக்கவே கூடாது.

டயலில் புதுப்பூச்சு இன்னொரு கண்ணி. உலகச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று கேலியாகச் சொல்லும் சரக்கு இந்த வகை: பளபளவென்று நிறம், ஆனால் எழுத்தின் ஓரங்கள் கசிந்திருக்கும், சின்ன டயல்களின் வட்டக் கோடுகள் தடித்திருக்கும், வினாடிக் கோடுகள் எண்களோடு நேர்கோட்டில் நிற்காது. ஒளிப்பூச்சையும் பாருங்கள். 1960-களின் தொடக்கம்வரை ரேடியம் பூசுவார்கள். அதன் அரை ஆயுள் 1,600 வருஷம். கட்டிக்கொள்வதில் பெரிய பயமில்லை, வீட்டில் திறந்து சுரண்டுவதுதான் ஆபத்து, அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. அடுத்து வந்த டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 வருஷம் சொச்சம். 1970-இல் பூசிய டிரிட்டியம் இன்று இருட்டில் தானாக ஒளிராது. ஒளிர்ந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். புற ஊதா டார்ச் அடித்தால் அசல் டிரிட்டியம் லேசாக மின்னி, டார்ச்சை எடுத்ததும் அணைந்துவிடும்.

ஸ்பீட்மாஸ்டர்: எந்த ஸ்பீட்மாஸ்டர்?

1957-இல் வந்த இந்த வாட்ச்சை 1965-இல் நாசா விண்வெளிப் பயணத்துக்கு ஏற்றது என்று சான்றளித்தது. நிலவில் கட்டியது, அப்போலோ 13-இல் 14 வினாடி எரிப்பை அளந்தது எல்லாம் விளம்பரத்தில் இருப்பதே போதும். வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது நான்கு இயந்திர எண்களை.

321: தூண் சக்கரம், 18,000 அதிர்வு. பழைய 321 இருக்கும் வாட்ச்கள் இன்று சேகரிப்பாளர் சந்தை. அங்கே நுழையும் முன் ஒரு செய்தியை நினைவில் வையுங்கள். 2021-இல் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் பிராங்க்குக்கு மேல் போன முதல் வரிசை ஸ்பீட்மாஸ்டர், பல இடத்துப் பாகங்களைக் கோத்துச் செய்தது என்று 2023-இல் ஒமேகாவே அறிவித்தது. கம்பெனியின் அருங்காட்சியகமே வாங்கி ஏமாந்த இடத்தில் நாம் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புவது எந்த ஊர் நியாயம்? டாக்கிமீட்டர் (வேகம் கணக்கிடும் அளவுகோல்) வளையத்தில் 90-க்கு மேலே புள்ளி இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்பதற்கே தனி விலை போடும் உலகம் அது.

861: 1968-இல் வந்தது. லெமானியா 1873-ஐ அடிப்படையாகக் கொண்ட கேம் இயந்திரம், 21,600 அதிர்வு. 1861: கிட்டத்தட்ட அதே இயந்திரம், ரோடியம் பூச்சோடு, 1990-களின் பின்பாதி முதல் 2020 வரை. இவற்றில் பெரும்பாலானவற்றில் குரோனோ சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் நெம்புகோல் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் இருக்கும். ‘இவ்வளவு விலை கொடுத்துப் பிளாஸ்டிக்கா’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது எண்ணெய் கேட்காது, பெரிதாகத் தேயவும் தேயாது. கண்ணாடிப் பின்மூடி போட்ட வகைகளில் தோற்றத்துக்காக மட்டுமே உலோகம் வைத்தார்கள்.

3861: 2019-இல் அறிமுகமாகி 2021 முதல் வழக்கமான மூன்வாட்ச்சில் வருவது. கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட் (உராய்வு குறைந்த, பேலன்ஸுக்குத் தள்ளுவிசை தரும் அமைப்பு), சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங் (பேலன்ஸின் சுருள் கம்பி), 15,000 காஸ் காந்தம்வரை தாங்கும், 50 மணி நேரம் ஓடும், நாளுக்கு 0 முதல் +5 வினாடிக்குள் நிற்கும். கிரௌனை (சாவி கொடுக்கும் குமிழை) இழுத்தால் வினாடி முள் நின்றுவிடும். 861, 1861-இல் அந்த வசதி கிடையாது. ஒரு நுணுக்கம்: முந்தைய டயலில் ஒவ்வொரு வினாடியையும் ஐந்தாகப் பிரித்திருந்தார்கள். ஆனால் 21,600 அதிர்வில் முள் வினாடிக்கு ஆறு அடி வைக்கிறது. ஐந்து கோட்டோடு அது ஒருபோதும் பொருந்தாது. ஐம்பது வருஷத்துக்கு மேல் அப்படியே விட்டுவைத்துவிட்டு, 2021 டயலில்தான் மூன்றாகப் பிரித்துச் சரிசெய்தார்கள்.

எங்கள் தேர்வு 1861 இருக்கும் பழைய வாட்ச்: மாடல் எண் 3570.50 அல்லது 2014-க்குப் பிந்தைய 311.30.42.30.01.005. காரணம் எளிது. லெமானியா குடும்பம் பல பிராண்டுகளில் பல பத்தாண்டு ஓடியது. குரோனோகிராஃப் தெரிந்த எந்தத் தனிக் கைவினைஞரும் இதன் உள்ளமைப்பை அறிவார். 3861 இயந்திரமாக மேலானது, சந்தேகமில்லை. ஆனால் அதன் சர்வீஸ் ஒமேகாவிடமே போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷ வாரண்டியும் காந்தத்தைத் தாங்கும் உடம்பும் முக்கியம், அதிகாரபூர்வ சர்வீஸ் செலவு உறுத்தாது என்பவர் கண்ணை மூடிக்கொண்டு 3861 வாங்கலாம். கண்ணாடியில் ஹெசலைட்டே (அக்ரிலிக் பிளாஸ்டிக்) போதும். கீறல் விழும், பாலிவாட்ச் பசை தடவிப் பருத்தித் துணியால் ஐந்து நிமிஷம் தேய்த்தால் போய்விடும். சஃபையர் கீறாது, ஆனால் ஓரத்தில் பால்நிற வளையம் தெரியும்.

சீகல் 1963

1960-களின் தொடக்கத்தில் சீன விமானப்படைக்குக் குரோனோகிராஃப் செய்ய தியான்ஜின் ஆலை ஸ்விஸ் வீனஸ் 175-இன் கருவிகளை வாங்கியது. அதன் வழித்தோன்றல்தான் இன்றைய எஸ்டி19: தூண் சக்கரம், பக்கவாட்டுக் கிளட்ச், 21,600 அதிர்வு. இந்த அமைப்பு இத்தனை மலிவாக வேறு எங்கும் கிடையாது. சுங்கத் தீர்வையோடு சேர்த்தாலும் ஸ்பீட்மாஸ்டரின் ஒரு சர்வீஸ் செலவை ஒட்டித்தான் வரும்.

குறை தரக் கட்டுப்பாட்டில். புது வாட்ச்சிலேயே எண்ணெய் சில இடத்தில் வறண்டும் சில இடத்தில் வழிந்தும் இருக்கும். ரீசெட் அழுத்தியதும் முள் பூஜ்யத்துக்கு ஒரு கோடு தள்ளி நிற்பது சகஜம். குரோனோவின் நிமிஷ முள் 60-ஆவது வினாடியில் தாவாமல் முன்பே ஊர்ந்து நகர்வதும், சில சமயம் இரண்டு தாவுவதும் உண்டு. அதைக் கோட்டுக்குக் கோடு பிடித்து நிறுத்தும் ஜம்பர் ஸ்பிரிங்கின் நிலை சரியில்லை என்று அர்த்தம். ஒரே வாட்ச்சைப் பல விற்பனையாளர்கள் பல பெயரில் விற்பதால், திரும்ப வாங்கிக்கொள்ளும் உறுதி யார் தருகிறாரோ அவரிடம் வாங்குவதே உத்தமம். நல்ல செய்தி: இயந்திரம் போய்விட்டால் முழு எஸ்டி19-ஐயே மாற்றிவிடலாம். ஸ்விஸ் குரோனோகிராஃப் ஒன்றின் முழு சர்வீஸைவிட அது மலிவு. குரோனோகிராஃப் பிரிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சிப் பொருள் கிடையாது.

போல்யோட் 3133 பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வால்ஜூ 7734-இன் கருவிகளை வாங்கி மாஸ்கோ முதல் வாட்ச் ஆலை 1976 முதல் செய்தது. 23 கல் (பேரிங் மாணிக்கம்), 21,600 அதிர்வு, உறுதியான கேம் இயந்திரம். உற்பத்தி நின்றுவிட்டது. 7734-இன் பாகங்கள் எல்லாம் அப்படியே பொருந்தா. பேலன்ஸும் சக்கர வரிசையும் வேறு. கடற்படைக்கான ‘ஒகியான்’, விமானப்படைக்கான ‘ஷ்துர்மான்ஸ்கியே’ என்று விற்பவற்றில் பின்னாளில் அச்சடித்த டயலை ஏற்றியவை ஏராளம். சோவியத் வாட்ச்களைப் படித்துச் சேர்ப்பவருக்கு அருமை. முதல் குரோனோகிராஃபாக வேண்டாம்.

புதிது, வாரண்டியோடு, சர்வீஸ் தலைவலி இல்லாமல் வேண்டுமென்றால் வால்ஜூ 7750 குடும்பத்திலிருந்து ஆட்டோமேட்டிக் பகுதியை நீக்கிய இயந்திரங்கள் இருக்கின்றன. ஹாமில்டன் இன்ட்ரா-மேட்டிக் குரோனோகிராஃப் ஹெச்-இல் ஹெச்-51, ஹான்ஹார்ட் 417 இஎஸ்-இல் செல்லிட்டா எஸ்டபிள்யூ510 எம். இரண்டும் 28,800 அதிர்வு, ஏறத்தாழ 60 மணி நேரம் ஓடும். சனிக்கிழமை கழற்றி வைத்தால் திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். கிளட்ச்சுக்குப் பதில் சாய்ந்து சேரும் ஒரு பினியன் (சின்னப் பல்லச்சு). எட்வார்ட் ஹாயர் 1887-இல் காப்புரிமை பெற்ற உத்தி அது. 7750 தெரியாத குரோனோகிராஃப் மெக்கானிக் இல்லை என்பதே இவற்றின் பெரிய பலம். பலவீனம் தடிமன்: ரோட்டர் (தானாகச் சாவி ஏற்றும் எடை) இல்லாமலும் ஹாமில்டன் 14 மி.மீ-க்கு மேல், சட்டைக் கைக்குள் எளிதில் நுழையாது. புஷரின் உணர்வும் பழையவற்றின் பக்கத்தில் வராது. தினம் பஸ்ஸிலும் பைக்கிலும் போய் வருகிறவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான், அழகில் மனசு ஒப்பினால்.

பணம் கொடுக்கும் முன்

பழசு எதுவானாலும் மேஜையில் வைத்து அரை மணி நேரம் செலவிடுங்கள். முதலில் முழுக்கச் சாவி கொடுங்கள். கடைசியில் அழுத்தமாக நிற்க வேண்டும். நிற்காமல் வழுக்கினால் மெயின்ஸ்பிரிங்கின் வெளிமுனை பிடி விட்டிருக்கிறது. கிரௌனை இழுத்து முட்களை இரு பக்கமும் திருப்புங்கள். குரோனோவை ஓட்டி, 59-ஆவது வினாடியிலிருந்து நிமிஷ முள்ளையே கவனியுங்கள். ஒரே தாவலில் ஒரு கோடு. நிறுத்தி ரீசெட் செய்வதைப் பத்து முறை, வெவ்வேறு இடங்களில் நிறுத்திச் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தள்ளி நின்றால் முள்ளைக் கழற்றிச் சரியாக மாட்டினால் தீர்ந்தது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் முள்ளின் குழாய் தளர்ந்திருக்கிறது, அல்லது இதய வடிவத் துண்டும் அதை அடிக்கும் சுத்தியலும் தேய்ந்திருக்கின்றன. அது பெரிய செலவு.

பிறகு டைம்கிராஃபர் (டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி). முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க, அலைவீச்சு (பேலன்ஸ் ஆடும் கோணம்) 270 டிகிரியைத் தாண்டினால் ஆரோக்கியம். குரோனோவை ஓட்டினால் இருபது முப்பது குறையும். ஐம்பதுக்கு மேல் சரிந்தால் கிளட்ச் ஆழமோ அழுக்கோ காரணம். கருவியில் லிஃப்ட் ஆங்கிளை (இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் ஒரு கோண அளவு) சரியாக வைக்க வேண்டும்: 861, 1861-க்கு 50. கோ-ஆக்சியலுக்கு இது முற்றிலும் வேறு. கருவியின் வழக்கமான 52-ஐ வைத்துக்கொண்டு பார்த்தால் பொய் எண்தான் வரும். வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிஷம் வேகமாக ஓடினால் பயப்படாதீர்கள். காம்பஸை அருகில் கொண்டுபோங்கள். ஊசி ஆடினால் காந்தம் ஏறியிருக்கிறது. போன் உறையின் காந்தப் பூட்டே போதும் அதற்கு. மலிவான டீமேக்னடைசர் சில வினாடியில் எடுத்துவிடும்.

தினசரிப் பழக்கம் குறைவுதான். காலையில் கழற்றிக் கையில் வைத்துச் சாவி கொடுங்கள். கட்டியபடி கொடுத்தால் கிரௌன் தண்டு சாய்வாக அழுந்தி அதன் துளை நாளடைவில் நீள்வட்டமாகும். ‘அதிகமாகச் சாவி கொடுத்து இறுகிவிட்டது’ என்பது பெரும்பாலும் எண்ணெய் உறைந்து நின்ற வாட்ச்சைப் பற்றிய தவறான சொல். கீழ் புஷராலேயே நிறுத்தும் லாண்டெரான் 48 தவிர மற்றவற்றில் குரோனோ ஓடும்போது கீழ் புஷரை அழுத்தாதீர்கள். ஓடும்போதே பூஜ்யத்துக்குப் போய் மீண்டும் ஓடும் ஃப்ளைபேக் வகையைத் தவிர அவற்றில் அது பூட்டியிருக்கும். மல்லுக்கட்டினால் சுத்தியல் வளையும். பெரிய வினாடி முள் சும்மா ஓடுவது பார்க்க நன்றாயிருக்கிறது என்று நாள் முழுக்க ஓட்டவும் வேண்டாம்.

சர்வீஸ் ஐந்து முதல் எட்டு வருஷத்துக்கு ஒரு முறை. கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: குரோனோ பகுதியை முழுக்கப் பிரிப்பீர்களா, கிளட்ச் பற்களில் எண்ணெய் வைப்பீர்களா? முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்று வந்தால் மட்டும் கொடுங்கள். அந்த நுண்பற்கள் வறண்டே இருக்க வேண்டும். எண்ணெய் பட்டால் தூசு ஒட்டி முள் தடுக்கும். பழைய ஸ்பீட்மாஸ்டரைக் கம்பெனிக்கே அனுப்பினால், ‘டயல், முட்கள், டாக்கிமீட்டர் வளையம் மாற்ற வேண்டாம், உடலைப் பாலிஷ் செய்ய வேண்டாம், கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரவும்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் டிரிட்டியம் டயல் போய்ப் புது டயலோடு வரும். விற்பனை மதிப்பில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடும்.